இஸ்ரவேல் ராஜ்யம் ஏன் இரண்டாக உடைந்தது? கோத்திரப் பற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலொமோன் இறந்த பிறகு, ஏறக்குறைய கி.மு. 930ல், அவன் ஆண்ட ராஜ்யம் வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என்று இரண்டானது. அவன் மகன் ரெகொபெயாம் வாய்க்கொழுப்பால் ராஜ்யத்தை இழந்தான் என்றுதான் ஓய்வுநாள் பள்ளியிலிருந்து நாம் கேட்டு வந்திருக்கிறோம். அவன் பேச்சு தவறுதான். ஆனால் ஒரு பேச்சுக்காக எந்த ஜனமும் ராஜாவைக் கைவிட்டுப் போவதில்லை. யாக்கோபின் மகன்கள் வழிவந்த கோத்திரங்களுக்குள் பல தலைமுறையாக ஊறிக்கிடந்த பற்றும் பகையும் அன்று வெளியே வந்தன. வேதபாட வகுப்புகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை அந்தக் கோணத்தில் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அன்று நடந்தது என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ரெகொபெயாமை ராஜாவாக்க இஸ்ரவேலர் எல்லாரும் சீகேமில் கூடினார்கள். சாலொமோனுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடிப்போயிருந்த, பிற்பாடு வடக்கின் முதல் ராஜாவான யெரொபெயாமும் திரும்பி வந்திருந்தான். "உம்முடைய தகப்பன் வைத்த பாரமான நுகத்தை லகுவாக்கும், உம்மைச் சேவிப்போம்" என்றார்கள். ரெகொபெயாம் மூன்று நாள் தவணை கேட்டான். முதியோர் இணங்கிப் போகச் சொன்னார்கள். கூட வளர்ந்தவர்கள் கடுமையாகப் பேசச் சொன்னார்கள். தகப்பன் சவுக்கால் அடித்தான், நான் தேள்களால் தண்டிப்பேன் என்று அவன் பதில் சொன்னான். ஈசாயின் மகனிடத்தில் (அதாவது தாவீதின் வீட்டில்) எங்களுக்குப் பங்கில்லை என்று வடக்குக் கோத்திரங்கள் எழுந்து போய்விட்டன. சமாதானம் பேசவோ வரி கேட்கவோ அவன் அனுப்பிய அதோராமைக் கல்லெறிந்து கொன்றார்கள். ராஜா இரதத்தில் ஏறி எருசலேமுக்குத் தப்பி ஓடினான். 1 இராஜாக்கள் 12ம் அதிகாரத்தில் இருபதே வசனங்களில் இவ்வளவும் முடிந்துவிடுகிறது.

முடிசூட்டு விழாவுக்கு எருசலேமை விட்டு ஏன் சீகேமுக்குப் போனான்?

இந்தக் கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை; விஷயத்தின் திறவுகோல் இதில்தான் இருக்கிறது. யூதாவில் ரெகொபெயாம் ராஜாவாவதற்கு யாரும் தடை சொல்லவில்லை. தாவீதின் பேரன், எருசலேம் அவர்களுடைய நகரம், அங்கே வேலை முடிந்துவிட்டது. வடக்குக் கோத்திரங்களிடம் அது செல்லாது. அவர்கள் சம்மதத்தைத் தனியாகப் பெற வேண்டியிருந்தது, அதுவும் அவர்கள் இடத்துக்கே போய்.

தாவீது காலத்திலேயே இப்படித்தான் இருந்தது. முதலில் யூதா மனுஷர் எபிரோனில் அவனை அபிஷேகம் பண்ணினார்கள். வடக்கே முதல் ராஜா சவுலின் மகன் இஸ்போசேத் மக்னாயீமில் ராஜாவாக இருந்தான். ஏழு வருஷம் ஆறு மாதம் தாவீது யூதாவுக்கு மட்டுமே ராஜா. இஸ்போசேத் கொல்லப்பட்ட பிறகு இஸ்ரவேலின் மூப்பர்கள் எபிரோனுக்கு வந்தார்கள், அவன் அவர்களோடு உடன்படிக்கை பண்ணினான், அதற்குப் பிறகுதான் அபிஷேகம் பண்ணினார்கள். அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: ஒப்பந்தம் முதலில், முடி பிறகு. அப்படியென்றால் வடக்கைப் பொறுத்தவரை தாவீதின் வீடு வந்தது ஒப்பந்தத்தின் வழியாக. சீகேமில் அவர்கள் கேட்டது அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஒரு நிபந்தனை. ராஜத்துரோகம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சீகேம் ஒரு சாதாரண ஊரும் இல்லை. ஆபிரகாம் கானானில் பலிபீடம் கட்டிய முதல் இடம் அது. யோசுவா எல்லாக் கோத்திரங்களையும் கூட்டி உடன்படிக்கை செய்தது அங்கே. எகிப்திலிருந்து கொண்டுவந்த யோசேப்பின் எலும்புகளை அடக்கம் பண்ணியதும் அங்கேதான். யோசேப்பின் மகன்கள் வழிவந்த எப்பிராயீம், மனாசே கோத்திரங்களுக்கு அது தகப்பன் வீடு.

அதற்கு முன்பே பிளவு இருந்ததா?

இருந்தது. வேதத்தை வரிசையாக வாசித்தால் அது பல இடங்களில் தெரியும்.

நியாயாதிபதிகள் 5ல் தெபொராளின் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேதத்தின் மிகப் பழைய பகுதிகளில் ஒன்றாகப் பல ஆய்வாளர்கள் அதைக் கருதுகிறார்கள். யுத்தத்துக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கோத்திரம் கோத்திரமாக அது பேர் சொல்கிறது. எப்பிராயீம், பென்யமீன், மாகீர், செபுலோன், இசக்கார், நப்தலி வந்ததற்குப் புகழ். ரூபன் ஆட்டுத் தொழுவங்களுக்குள் இருந்துவிட்டான், கீலேயாத் யோர்தானுக்கு அக்கரையில் தங்கிவிட்டான், தாண் கப்பல்களோடு இருந்தான், ஆசேர் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டான் என்று வசை. யூதாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, புகழும் இல்லை, வசையும் இல்லை. வராததற்குத் திட்டக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. யூதா வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். சிமியோனும் லேவியும்கூட அந்தப் பாட்டில் கிடையாது.

சவுல் யாபேஸ் பட்டணத்தைக் காக்கப் படை திரட்டும்போது இஸ்ரவேல் புத்திரர் 3,00,000, யூதா மனுஷர் 30,000 என்று கணக்குத் தனித்தனியாக வருகிறது. தாவீது ஜனத்தொகை எடுத்தபோதும் அப்படித்தான்: இஸ்ரவேலில் 8,00,000, யூதாவில் 5,00,000. ஒரே ராஜா, இரண்டு பதிவேடு.

எல்லாவற்றிலும் கூர்மையான சம்பவம் 2 சாமுவேல் 19ன் கடைசியில் இருக்கிறது. மகன் அப்சலோமின் கலகம் முடிந்து தாவீது யோர்தானைக் கடந்து திரும்பி வருகிறான். அவனை அழைத்து வந்தவர்கள் பெரும்பாலும் யூதா மனுஷர். வடக்கார் வந்து, எங்களைக் கேட்காமல் ராஜாவைத் திருட்டுத்தனமாய் ஏன் அழைத்து வந்தீர்கள் என்று சண்டைக்கு நிற்கிறார்கள். ராஜா எங்களுக்கு நெருங்கின உறவு, அவரிடம் நாங்கள் எதையாவது வாங்கித் தின்றோமா என்கிறது யூதா. ராஜாவிடத்தில் எங்களுக்குப் பத்துப் பங்கு இருக்கிறது, எங்களை ஏன் அற்பமாக எண்ணினீர்கள் என்கிறது வடக்கு. யூதா மனுஷரின் பேச்சு அதைவிடப் பலத்தது என்று அதிகாரம் முடிகிறது.

அடுத்த வசனத்திலேயே பென்யமீனனாகிய சேபா எக்காளம் ஊதுகிறான். தாவீதிடத்தில் எங்களுக்குப் பங்கில்லை, ஈசாயின் மகனிடத்தில் சுதந்தரம் இல்லை, அவரவர் கூடாரத்துக்குப் போங்கள் என்பது அவன் கோஷம். பல வருஷம் கழித்து சீகேமில் எழுந்ததும் ஏறத்தாழ அதே கோஷம்தான். சேபாவின் தலையை வெட்டி மதிலுக்கு வெளியே போட்டார்கள், ஆனால் அவன் வார்த்தைகள் வடக்கில் பிழைத்திருந்தன.

எப்பிராயீமுக்கு அப்படி என்ன பெருமை?

யோசுவா எப்பிராயீம் கோத்திரத்தான். உடன்படிக்கைப் பெட்டி நெடுங்காலம் இருந்த சீலோ எப்பிராயீம் மலைநாட்டில். யாக்கோபு கையைக் குறுக்காக வைத்து மூத்தவன் மனாசேக்கு முன் எப்பிராயீமை வைத்தான். சேஷ்ட புத்திர சுதந்தரம் யோசேப்புக்கு, ஆனாலும் யூதா தன் சகோதரரில் பலத்தவனானான் என்று 1 நாளாகமம் 5 சொல்கிறது. மூத்த பங்கு ஒரு வீட்டுக்கும் செங்கோல் இன்னொரு வீட்டுக்கும் போனால் மனத்தாங்கல் வராமல் இருக்குமா?

எப்பிராயீமின் குணத்தையும் சொல்ல வேண்டும். எங்களை ஏன் யுத்தத்துக்குக் கூப்பிடவில்லை என்று நியாயாதிபதி கிதியோனிடம் சண்டை போட்டார்கள். அவன் நயமாகப் பேசித் தப்பினான். பின்வந்த நியாயாதிபதி யெப்தாவிடமும் அதே சண்டை. அவன் நயமாகப் பேசுகிற ஆள் இல்லை. யோர்தான் துறைகளில் 42,000 எப்பிராயீமர் செத்தார்கள். ஆக, தங்களைக் கலக்காமல் எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்பது அந்தக் கோத்திரத்தின் பழைய பிடிவாதம். எருசலேமிலிருந்து ஆணை வருவதை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சாலொமோன் ஆட்சி பொற்காலம் என்கிறார்களே, வடக்குக்கு என்ன குறை?

பொற்காலம் எருசலேமுக்கு. செலவு எங்கிருந்து வந்தது என்று 1 இராஜாக்கள் 4 சொல்கிறது. நாட்டைப் பன்னிரண்டு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மணியக்காரனை வைத்தார்கள். ஒவ்வொரு பகுதியும் வருஷத்தில் ஒரு மாதம் அரண்மனைக்குச் சாப்பாடு போட வேண்டும். அந்தச் சாப்பாட்டுக் கணக்கும் இருக்கிறது: ஒரு நாளைக்கு முப்பது மரக்கால் மெல்லிய மாவு, அறுபது மரக்கால் மாவு, கொழுத்த மாடு பத்து, மேய்ச்சல் மாடு இருபது, நூறு ஆடு. இவை போக மான்கள், கொழுத்த பறவைகள். குதிரைகளுக்கு வாற்கோதுமையும் வைக்கோலும் தனி. ஒரு பகுதி முப்பது நாள் இதைக் கொடுக்க வேண்டுமென்றால், மாடு மட்டும் 900, ஆடு 3,000.

அந்தப் பன்னிரண்டு பகுதிகளின் பட்டியலை நிதானமாக வாசியுங்கள். எப்பிராயீம் மலை, நப்தலி, ஆசேர், இசக்கார், பென்யமீன், கீலேயாத் எல்லாம் இருக்கின்றன. யூதாவின் பெயர் தெளிவாக அதில் காணவில்லை. யூதாவுக்கு வரிவிலக்கா, அல்லது வேறு ஏற்பாடா என்று ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். வடக்கே ஒரு விவசாயியின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்னொன்று, எல்லாப் பகுதிகளும் பழைய கோத்திர எல்லைப்படி வகுக்கப்படவில்லை. சில பகுதிகள் ஊர்களின் பட்டியலாக மட்டும் வருகின்றன. மணியக்காரர்களில் இரண்டு பேர் சாலொமோனுக்கு மருமகன்கள். கோத்திர மூப்பர்கள் இருந்த இடத்தில் ராஜா வீட்டு மாப்பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் ஆள்பிடிப்பு. லீபனோனில் மரம் வெட்ட 30,000 பேர். மாதம் 10,000 பேர் முறைவைத்துப் போக வேண்டும், ஒரு மாதம் லீபனோனில், இரண்டு மாதம் வீட்டில். விதைப்பும் அறுப்பும் இருக்கிற ஊரில் வருஷத்துக்கு நான்கு மாதம் ஆண்பிள்ளை இல்லையென்றால் அந்த வீட்டின் நிலம் என்ன ஆகும்? இந்த வேலைக்கெல்லாம் மேலே இருந்தவன்தான் அதோனீராம். சீகேமில் கல்லடி பட்டுச் செத்த அதோராம் அவனேதான் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். கலகக்காரரைச் சமாதானப்படுத்த ரெகொபெயாம் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆள் அவன்!

இது போதாதென்று கலிலேயாவில் இருபது பட்டணங்களைத் தீருவின் ராஜா ஈராமுக்குக் கொடுத்தான் சாலொமோன். கொடுக்கப்பட்டது வடக்குக் கோத்திரங்களின் மண்.

ஆனால் சாலொமோன் இஸ்ரவேலரை அடிமையாக்கவில்லை என்று 1 இராஜாக்கள் 9:22 சொல்கிறதே?

நிரந்தர அடிமையாக்கவில்லை என்பது அதன் பொருள். கானானியரில் மீதியானவர்கள் வாழ்நாள் முழுக்க அடிமை வேலை செய்தார்கள். இஸ்ரவேலர் முறைவைத்துப் போய் அமஞ்சி, அதாவது கட்டாய வேலை, செய்தார்கள். சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு. நுகம் சுமந்தவன் அந்த வித்தியாசத்தை எவ்வளவு உணர்ந்திருப்பான் என்பது வேறு கேள்வி.

யெரொபெயாம் யார்? எங்கிருந்து வந்தான்?

சேரேதா ஊரைச் சேர்ந்த எப்பிராயீமன், விதவையின் மகன், திறமைசாலி. எருசலேமில் மில்லோ என்ற அரணைக் கட்டும்போது அவன் சுறுசுறுப்பைக் கண்ட சாலொமோன், யோசேப்பு வம்சத்தாரின் சுமைவேலை முழுவதற்கும் அவனை மேற்பார்வையாளனாக்கினான். எப்பிராயீமும் மனாசேயும் தாவீதின் நகரத்துக்காகக் கல் சுமப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் அவன். முணுமுணுப்பு எல்லாம் அவன் காதில்தான் விழுந்திருக்கும்.

சீலோ ஊரானாகிய தீர்க்கதரிசி அகியா அவனை வயல்வெளியில் சந்தித்து, புதுச் சால்வையைப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்து, பத்துத் துண்டை அவனிடம் கொடுத்தான். தீர்க்கதரிசி எந்த ஊர்க்காரன் என்பதும் முக்கியம். சீலோ பழைய ஆசரிப்புக்கூடாரத்தின் ஊர். எருசலேம் ஆலயம் எழும்பியதும் அதன் பழைய இடம் போய்விட்டது.

"வாலிபர்" பேச்சைக் கேட்டதால்தான் கெட்டான் என்கிறார்களே?

ரெகொபெயாம் ராஜாவாகும்போது அவனுக்கு வயது 41. கூட வளர்ந்தவர்களும் அதே வயதுக்காரர்கள்தான். எனவே பிள்ளைத்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவர்கள் அரண்மனையில் வளர்ந்த தலைமுறை. தாவீது குகைகளில் ஒளிந்ததையும், மூப்பர்களிடம் ஒப்பந்தம் பேசி ராஜாவானதையும் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. ராஜ்யம் சொத்தாகவே அவர்களுக்குக் கிடைத்தது. முதியோருக்கு அது எப்படி வந்தது என்று தெரிந்திருந்தது.

பென்யமீன் ஏன் யூதாவோடு நின்றது?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் ரத்தத்தை மட்டும் பார்த்தால் பென்யமீன் வடக்கோடு போயிருக்க வேண்டும்.

யோசேப்பும் பென்யமீனும் ராகேலின் பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள். யூதா லேயாளின் மகன். முதல் ராஜா சவுல் பென்யமீனன், முடி அவர்கள் கையை விட்டு யூதாவுக்குப் போனது. சவுலின் சந்ததியில் ஏழு பேரைக் கிபியோனியர் கையில் தாவீது ஒப்புக்கொடுத்தான், அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அப்சலோமுக்குப் பயந்து தாவீது ஓடும்போது, இரத்தப்பிரியனே தொலைந்து போ என்று கல்லெறிந்து தூஷித்த சீமேயி சவுல் வீட்டான். வடக்கின் கோஷத்தைத் தொடங்கிவைத்த சேபாவும் பென்யமீனன்.

ஒரு சின்ன விவரம். தாவீது ஜெயித்துத் திரும்பும்போது அதே சீமேயி ஆயிரம் பென்யமீனரோடு ஓடிவந்து காலில் விழுகிறான். யோசேப்பு வீட்டார் அனைவரிலும் முதலாவதாக நானே இன்று வந்தேன் என்கிறான். பென்யமீனன் தன்னை யோசேப்பு வீட்டில் சேர்த்துச் சொல்கிறான்! தாங்கள் எந்தப் பக்கம் என்பதில் அவர்களுக்கே அன்று குழப்பம் இருக்கவில்லை.

அப்படியானால் மாறியது ஏன்? என் பதில்: எருசலேம். யோசுவா 18ல் பென்யமீனின் ஊர்ப் பட்டியலில் எருசலேம் இருக்கிறது. அங்கிருந்த எபூசியரை யூதா துரத்தவில்லை என்று யோசுவா 15ம், பென்யமீன் துரத்தவில்லை என்று நியாயாதிபதிகள் 1ம் சொல்கின்றன. நகரம் இரண்டு கோத்திரத்துக்கும் நடு எல்லையில். தாவீது அதைத் தலைநகராக்கியதும் பென்யமீனின் சின்ன நிலம் தலைநகரின் வாசற்படி ஆகிவிட்டது. ராமா எருசலேமுக்கு வடக்கே 10 கிலோமீட்டருக்கும் குறைவு. கிபியா இன்னும் பக்கம். இரண்டு தலைமுறையாக அவர்களுடைய சந்தை, வேலை, வழக்கு, வழிபாடு எல்லாம் எருசலேமில் நடந்திருக்கும். யூதாவின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பென்யமீன் இல்லாமல் எருசலேமைக் காக்க முடியாது. ரெகொபெயாம் அதைச் சும்மா விட்டிருக்க மாட்டான்.

முழுக் கோத்திரமும் ஒரே மனதாக வந்தது என்றும் நினைக்க வேண்டாம். 1 இராஜாக்கள் 12:20, யூதா கோத்திரத்தார் மட்டுமே தாவீதின் வீட்டைப் பின்பற்றினார்கள் என்கிறது. அடுத்த வசனமே பென்யமீனையும் ரெகொபெயாமின் படையில் சேர்க்கிறது. பென்யமீன் பட்டியலில் உள்ள பெத்தேல் யெரொபெயாமிடம் போனது. வடக்கின் ராஜா ஆகாபின் காலத்தில் எரிகோவைத் திரும்பக் கட்டியவன் பெத்தேல் ஊரான் ஈயேல், ஆக எரிகோவும் வடக்கின் கைக்குள். கோத்திரமே நடுவில் கிழிந்தது.

எல்லைச் சண்டை பெரும்பாலும் அவர்கள் மண்ணில்தான். வடக்கின் ராஜா பாஷா ராமாவைக் கோட்டையாக்கி எருசலேமின் வழியை அடைத்தான். யூதாவின் ஆசா ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் சீரியாவின் பெனாதாத்துக்குக் கொடுத்து வடக்கைப் பின்னாலிருந்து தாக்க வைத்தான். பாஷா பின்வாங்கியதும் ராமாவின் கல்லையும் மரத்தையும் எடுத்துவந்து கேபாவையும் மிஸ்பாவையும் கட்டினான். மூன்றும் பென்யமீன் ஊர்கள்.

பத்தும் ஒன்றும் பதினொன்றுதானே, பன்னிரண்டாவது துண்டு எங்கே?

அகியாவின் கணக்கில் யெரொபெயாமுக்குப் பத்து, தாவீதின் வீட்டுக்கு ஒன்று. விட்டுப்போனது பென்யமீன் என்று சிலர், லேவி என்று சிலர் சொல்வார்கள். யூதாவையும் பென்யமீனையும் ஒன்றாகப் பார்த்தார்கள் என்றும் சொல்வதுண்டு. சிமியோன்தான் இன்னும் சிக்கல். அதன் பங்கு யூதாவின் எல்லைக்குள்ளேயே, பெயெர்செபாப் பக்கம் இருந்தது. அது எப்படி வடக்கோடு போகும்? நாளடைவில் அது யூதாவோடு கரைந்துவிட்டது என்பதே பொதுவான கருத்து. "பத்து" என்பதை வடக்கின் பெயராக எடுத்துக்கொள்வது நல்லது. ராஜாவிடத்தில் பத்துப் பங்கு என்று தாவீது காலத்திலேயே அவர்கள் பேசினார்கள்.

லேவியர் யார் பக்கம்?

அவர்களுக்குத் தனிப் பங்கு இல்லை, எல்லாக் கோத்திரங்களிலும் ஊர்கள் இருந்தன. யெரொபெயாம் லேவியர் அல்லாதவர்களை ஆசாரியராக்கியபோது, வடக்கில் இருந்த லேவியர் தங்கள் காணியாட்சியை விட்டுவிட்டு யூதாவுக்கு வந்தார்கள் என்று 2 நாளாகமம் 11 சொல்கிறது. மண்ணையும் வீட்டையும் விட்டு வருவது சின்ன விஷயம் இல்லை.

பொன் கன்றுக்குட்டிகளுக்கும் கோத்திரப் பற்றுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம். இந்த ஜனங்கள் பலியிட எருசலேமுக்குப் போய்வந்தால் அவர்கள் இருதயம் ரெகொபெயாமிடம் திரும்பிவிடும், என்னைக் கொன்றுபோடுவார்கள் என்று யெரொபெயாம் யோசித்ததாகவே வேதம் சொல்கிறது. வருஷந்தோறும் பண்டிகைக்குப் போகிற கால் அரசியலையும் கூடவே கொண்டுபோகும் என்று அவனுக்குத் தெரியும்.

அதனால் இரண்டு பொன் கன்றுக்குட்டிகளைச் செய்து பெத்தேலிலும் தாணிலும் வைத்தான். அவன் பிடித்த இடங்கள் இரண்டுக்கும் பழைய மரியாதை உண்டு. பெத்தேலில் யாக்கோபு ஏணியைக் கண்டான். எருசலேமுக்குப் போகிற சாலையில், எல்லைக்குச் சற்று முன்னாலேயே அந்த ஊர். தாணில் ஏற்கெனவே ஒரு வழிபாட்டிடமும் ஆசாரிய வம்சமும் இருந்தன. எருசலேமில் ஏழாம் மாதம் நடந்த பண்டிகைக்கு ஈடாக எட்டாம் மாதம் பதினைந்தாம் தேதி ஒரு பண்டிகை வைத்தான். பாவம் பாவம்தான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அது எந்தப் பயத்தில் பிறந்தது என்று தெரியாமல் அதை விளங்கிக்கொள்ள முடியாது.

பிரிந்துபோன வடக்குக் கோத்திரங்களாவது ஒற்றுமையாக இருந்தனவா?

இல்லை. யெரொபெயாமின் மகன் நாதாப் இரண்டு வருஷம்கூட நிலைக்கவில்லை. இசக்கார் கோத்திரத்து பாஷா அவனைக் கொன்று எப்பிராயீமிடமிருந்து முடியைப் பறித்தான். சிம்ரி ஆண்டது ஏழு நாள். அவனுக்குப் பிறகு ஜனத்தில் பாதி திப்னி பக்கம், பாதி உம்ரி பக்கம். பிற்காலத்தில் பெக்கா கீலேயாத் புத்திரரில் ஐம்பது பேரைக் கூட்டிக்கொண்டு பெக்காகியாவைச் சமாரியா அரண்மனையிலேயே வெட்டினான். மனாசே எப்பிராயீமையும், எப்பிராயீம் மனாசேயையும் பட்சிப்பார்கள், இருவரும் சேர்ந்து யூதாவுக்கு விரோதமாக இருப்பார்கள் என்று ஏசாயா 9 சொல்வது அந்தக் காலத்து நிலவரம். கி.மு. 722ல் அசீரியாவிடம் விழும்வரை வடக்கில் பத்தொன்பது ராஜாக்கள், தெற்கில் கி.மு. 586 வரை, அத்தாலியாள் என்ற ராணி பிடுங்கிக்கொண்ட சில வருஷம் தவிர, தாவீதின் வீடு மட்டுமே.

ராஜாக்கள் இப்படி மாறினாலும் கோத்திரமும் குடும்பமும் அடிமட்டத்தில் உறுதியாக இருந்தன. 1910ல் சமாரியாவில் தோண்டியபோது மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் திராட்சரசமும் எண்ணெயும் எங்கிருந்து வந்தன என்ற கணக்கு அவை. அதில் அபியேசேர், ஏலேக், செமீதா என்று மனாசேயின் வம்சப் பெயர்கள் இடப்பெயர்களாக வருகின்றன. நோவாள், ஒக்லாள் பெயர்களும் உண்டு. மோசேயிடம் வந்து தகப்பனுடைய காணியில் பங்கு கேட்டார்களே செலொப்பியாத்தின் குமாரத்திகள், அவர்களில் இருவருடைய பெயர்கள் இவை. எண்ணாகமத்திலும் யோசுவாவிலும் நாம் வேகமாகத் தாண்டிப்போகிற பெயர்ப்பட்டியல் அரண்மனையின் பண்டகசாலைக் கணக்கில் உயிரோடு இருந்திருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய பொக்கிஷம் சமாரியாவில் கிடைத்ததாகத் தோன்றவில்லை.

வேதத்துக்கு வெளியே வேறு சான்று உண்டா?

உண்டு. 1868ல் தீபோனில் கிடைத்த மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டு, உம்ரியை இஸ்ரவேலின் ராஜா என்கிறது. காத் மனுஷர் அதரோத் நாட்டில் ஆதிமுதல் குடியிருந்தார்கள் என்றும் சொல்கிறது. எதிரிகூட அவர்களைக் கோத்திரப் பெயர் சொல்லித்தான் அழைத்திருக்கிறான். 1993லும் 1994லும் தாணில் கிடைத்த அரமேயக் கல்வெட்டுத் துண்டுகள் "இஸ்ரவேலின் ராஜா" என்றும் "தாவீதின் வீடு" என்றும் இரண்டு அரசுகளைத் தனித்தனியே குறிப்பிடுகின்றன. ரெகொபெயாமின் ஐந்தாம் வருஷம் எருசலேம்மேல் வந்த எகிப்து ராஜா சீஷாக்கின் படையெடுப்புக்கு எகிப்தின் கர்னாக் கோயில் சுவரில் ஊர்ப் பட்டியல் இருக்கிறது. அதில் வடக்கின் ஊர்களும் உண்டு. மெகிதோவில் அவன் கல்தூணின் துண்டே கிடைத்தது. தான் முன்பு அடைக்கலம் கொடுத்திருந்த யெரொபெயாமின் நாட்டையும் அவன் விடவில்லை.

தாவீது, சாலொமோன் ராஜ்யம் எவ்வளவு பெரியது என்பதில் தொல்லியலாளர்கள் இன்றும் கடுமையாக வாதிடுகிறார்கள். வடக்கும் தெற்கும் நிலத்திலும் வளத்திலும் முதலிலிருந்தே வேறுபட்டவை என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள்: வடக்கில் செழிப்பான பள்ளத்தாக்குகள், வணிகச் சாலைகள், அதிக ஜனம், தெற்கில் கரடான மலை, ஆடு மேய்க்கும் வறள்நிலம்.

பிரிவினை கர்த்தரால் வந்தது என்று வேதமே சொல்லும்போது அரசியல் காரணம் எதற்கு?

வேதம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. சாலொமோனின் விக்கிரக வழிபாட்டுக்கு நியாயத்தீர்ப்பு என்று 11ம் அதிகாரம். நுகம், சவுக்கு, ஆள்பிடிப்பு என்று 12ம் அதிகாரம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ளினால் பாதிக் கதைதான் கையில் இருக்கும். பிரிந்துபோனவர்களோடு யுத்தம் பண்ண ரெகொபெயாம் 1,80,000 பேரைத் திரட்டியபோது, தேவனுடைய மனுஷனாகிய சேமாயா வந்து, உங்கள் சகோதரரோடே யுத்தம் பண்ண வேண்டாம் என்று தடுத்தான். பிரிந்த பிறகும் அவர்கள் சகோதரர்தான். பிரசங்கங்களில் வடக்கை வெறும் கலகக்கூட்டமாகப் பேசும்போது இந்த வசனம் விட்டுப்போவது எனக்கு வருத்தம் தருகிறது.

பிறகு எப்போதாவது சேர்ந்தார்களா?

ஒரே அரசின் கீழ் திரும்ப நிலையாகச் சேரவில்லை. ஆனால் மனிதர்கள் எல்லை தாண்டிக்கொண்டே இருந்தார்கள். ஆசாவின் காலத்தில் எப்பிராயீம், மனாசே, சிமியோனிலிருந்து பலர் யூதாவுக்கு வந்தார்கள். யூதாவின் ராஜா எசேக்கியா பஸ்காவுக்கு அழைத்து அஞ்சற்காரரை வடக்கெங்கும் அனுப்பினான். எப்பிராயீம், மனாசே தொடங்கி செபுலோன்வரை ஊர் ஊராகப் பரியாசம் பண்ணினார்கள். ஆனாலும் ஆசேர், மனாசே, செபுலோனில் சிலர் மனம் தாழ்த்தி வந்தார்கள். வந்தவர்களில் பலர் சுத்திகரிப்பு முறைகளைச் செய்யாமலே பஸ்காவைப் புசித்துவிட்டார்கள். இரண்டு நூற்றாண்டாக ஆலயத்துக்கு வராதவர்களுக்கு முறை எப்படித் தெரியும்? எசேக்கியா அவர்களைத் திருப்பி அனுப்பாமல் அவர்களுக்காக ஜெபம் பண்ணினான், கர்த்தர் கேட்டார்.

கோத்திர நினைவு இன்னும் நெடுநாள் இருந்தது. லூக்கா 2ல் ஆலயத்தை விட்டு நீங்காத அன்னாள் ஆசேர் கோத்திரத்தாள், அதாவது வடக்கத்தியாள். பவுல் தன்னைப் பென்யமீன் கோத்திரத்தான் என்று இரண்டு நிருபங்களில் சொல்லிக்கொள்கிறான். பழைய சீகேமின் இடிபாடுகள் இருக்கும் நாப்ளூசுக்கு மேலே கெரிசீம் மலையிலும், டெல் அவீவ் பக்கத்தில் ஹோலோனிலும் 800க்கும் மேற்பட்ட சமாரியர் இன்றும் வாழ்கிறார்கள். தாங்கள் எப்பிராயீம், மனாசே, லேவி வழியினர் என்றும், வழிபட வேண்டிய இடம் எருசலேம் அல்ல, கெரிசீம் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். பஸ்கா ஆடுகளை வருஷாவருஷம் அந்த மலையில்தான் அடிக்கிறார்கள்.